ஷேக்ஸ்பியர் குடும்ப மரபுச் சின்னம்

ஷேக்ஸ்பியர் குடும்ப மரபுச் சின்னம் என்பது, ஆங்கிலக் கவிஞரும் நாடக ஆசிரியருமான வில்லியம் ஷேக்ஸ்பியரின் தந்தை ஜான் ஷேக்ஸ்பியருக்கு 1596 ஆம் ஆண்டு அக்டோபர் 20 ஆம் நாளிட்ட ஆவணத்தின் மூலம் வழங்கப்பட்ட மரபுச் சின்னம் ஆகும். பொன்னிறக் கேடயமும், அதன் குறுக்கே சாய்வாகச் செல்லும் கறுப்புப் பட்டையும், அப்பட்டையின் மேல் கிடக்கும் ஓர் ஈட்டியும் இச்சின்னத்தின் முதன்மையான கூறுகள். தந்தையின் மறைவுக்குப் பின்னர் இச்சின்னம் மூத்த மகனான வில்லியமுக்கு உரியதாயிற்று.

குடும்பத்தின் பெயரையே படமாகக் காட்டுவதால் இச்சின்னம் பெரிதும் அறியப்பட்டது. அதே வேளை, இது எளிதில் பெறப்பட்ட ஒன்றல்ல. முதல் முயற்சி கைவிடப்பட்டது; இரண்டாம் முயற்சியில் கிடைத்த சின்னத்தின் தகுதி குறித்து ஆறு ஆண்டுகளுக்குள் முறைப்பாடு எழுந்தது; வழங்கப்பட்ட 75 ஆண்டுகளுக்குள் அதைத் தாங்குவதற்குக் கவிஞரின் நேர்வழியில் எவரும் இல்லாமற் போயினர். மரபுச் சின்னம் ஒரு குடும்பப்பெயருக்கு உரியதன்று, ஒருவருக்கும் அவருடைய வழித்தோன்றல்களுக்குமே உரியது என்னும் விதியை விளங்கிக்கொள்ள இச்சின்னத்தின் வரலாறு நல்ல எடுத்துக்காட்டாகும்.

சுருக்க விவரம்

- பெற்றவர்: ஜான் ஷேக்ஸ்பியர், ஸ்ட்ராட்ஃபோர்டு அபான் ஏவன், வாரிக்ஷயர், இங்கிலாந்து
- வழங்கியவர்: சர் வில்லியம் டெத்திக், கார்ட்டர் தலைமைச் சின்ன அலுவலர்
- ஆண்டு: 1596
- கேடயம்: பொன்னிறம், கறுப்புச் சாய்பட்டை, அதன்மேல் வெள்ளி முனை கொண்ட பொன் ஈட்டி
- உச்சிச் சின்னம்: சிறகு விரித்த வெள்ளி வல்லூறு, ஈட்டியைத் தாங்கியவாறு
- குறிக்கோளுரை: நோன் சான்ஸ் துருவா (பழைய பிரெஞ்சு மொழி, பொருள்: உரிமையின்றி அன்று)

பின்னணி

மரபுச் சின்னங்களின் தோற்றம்

ஐரோப்பாவில் மரபுச் சின்னங்கள் 12 ஆம் நூற்றாண்டில் தோன்றின. தலை முதல் கால் வரை கவசம் அணிந்த வீரர்களின் முகத்தைப் போர்க்களத்திலும் குதிரைவீரர் போட்டிகளிலும் அடையாளம் காண இயலாத நிலையில், கேடயத்தில் தீட்டிய நிறமும் உருவமும் அடையாளமாகப் பயன்பட்டன. தந்தையின் கேடயச் சின்னத்தை மகனும் ஏந்தத் தொடங்கியபோது அது தனியாளின் அடையாளம் என்ற நிலையிலிருந்து மரபுவழி உரிமையாக மாறியது. போட்டிகளில் வீரர்களின் பெயரையும் சின்னத்தையும் உரக்க அறிவித்த கட்டியக்காரர்களே, காலப்போக்கில் சின்னங்களைப் பதிவு செய்யும் அலுவலர்களாயினர்.

முழுமையான மரபுச் சின்னம் ஒன்றில் பல உறுப்புகள் உண்டு. கேடயமே இவற்றுள் இன்றியமையாதது. கேடயத்தின் மேல் தலைக்கவசமும், அதன் மேல் இரு நிறத் துணிகளை முறுக்கிய வளையமும், அவ்வளையத்தின் மேல் உச்சிச் சின்னமும் அமையும். தலைக்கவசத்திலிருந்து கிழிந்த சீலை போன்ற துணி இருபுறமும் தொங்கும். கீழே ஒரு நாடாவில் குறிக்கோளுரை எழுதப்படலாம்.

நிறங்கள் இரண்டு வகைப்படும். பொன்னும் வெள்ளியும் உலோகங்கள் எனப்படுகின்றன. சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா ஆகியவை வண்ணங்கள் எனப்படுகின்றன. உலோகத்தின் மேல் உலோகமோ, வண்ணத்தின் மேல் வண்ணமோ வரக்கூடாது என்பது அடிப்படை விதி. தொலைவிலிருந்து பார்க்கும்போது உருவம் தெளிவாகத் தெரியவேண்டும் என்பதே இவ்விதியின் நோக்கம்.

வழங்கும் அதிகாரம்

இங்கிலாந்தில் மரபுச் சின்னங்களை வழங்கும் அதிகாரம் அரசரிடமிருந்து பெறப்படுவது. அரசரின் சார்பில் இப்பணியைச் செய்வது 'காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ்' எனப்படும் மரபுச் சின்னக் கழகம். மூன்றாம் ரிச்சர்டு மன்னர் 1484 இல் இதனை நிறுவினார். 1555 இல் இதற்குப் புதிய பட்டயம் அளிக்கப்பட்டது. கார்ட்டர் என்னும் பட்டம் கொண்டவர் இதன் முதன்மை அலுவலர். ட்ரெண்ட் ஆற்றுக்குத் தெற்கிலுள்ள பகுதி கிளாரன்சோ என்னும் அலுவலரின் பொறுப்பிலும், வடக்கிலுள்ள பகுதி நாரோய் என்னும் அலுவலரின் பொறுப்பிலும் இருந்தன. இவர்களுக்குக் கீழே யார்க் போன்ற ஊர்ப்பெயர்களைப் பட்டமாகக் கொண்ட கட்டியக்காரர்கள் பணியாற்றினர்.

1530 முதல் 1688 வரை இவ்வலுவலர்கள் மாவட்டந்தோறும் சென்று, சின்னம் பயன்படுத்துவோரின் உரிமையை ஆராய்ந்தனர். உரிமையை மெய்ப்பிக்க இயலாதவர்களின் சின்னங்கள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டன.

ஒரே சின்னத்துக்கு இருவர் உரிமை கோருவதும் உண்டு. நீலக் கேடயத்தில் பொன் சாய்பட்டை கொண்ட சின்னத்துக்காக ரிச்சர்டு ஸ்க்ரோப், ராபர்ட் க்ரோவ்னர் ஆகிய இருவருக்கும் இடையே 1385 இல் எழுந்த வழக்கு ஐந்து ஆண்டுகள் நீடித்தது. கவிஞர் ஜெஃப்ரி சாசர் இவ்வழக்கில் சாட்சி கூறியவர்களுள் ஒருவர். முடிவில் ஸ்க்ரோப் வென்றார். வேறெந்த உருவமும் இல்லாத வெறும் சாய்பட்டை ஒன்றுக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்பதை இவ்வழக்கு காட்டுகிறது.

சின்னத்தின் அமைப்பு

கேடயம்

ஷேக்ஸ்பியர் சின்னத்தின் கேடயம் பொன்னிறமானது. பார்ப்பவரின் இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ்ப்பகுதி நோக்கி ஒரு கறுப்புப் பட்டை சாய்வாகச் செல்கிறது. கேடயத்தைத் தாங்கியிருப்பவரின் நிலையிலிருந்தே மரபுச் சின்னவியலில் வலமும் இடமும் கூறப்படுவதால், நூல்களில் இப்பட்டை வலப்புறத்திலிருந்து தொடங்குவதாகக் குறிப்பிடப்படும். பட்டையின் மேல், அதன் நீளப்போக்கில், முனை மேல்நோக்கியவாறு ஒரு பொன் ஈட்டி உள்ளது. ஈட்டியின் முனை வெள்ளி.

நிறவிதி இங்கு முழுமையாகப் பின்பற்றப்பட்டுள்ளது. பொன் என்னும் உலோகத்தின் மேல் கறுப்பு என்னும் வண்ணமும், அவ்வண்ணத்தின் மேல் மீண்டும் பொன்னும் வெள்ளியும் வருகின்றன. ஒரே ஒரு பட்டையும் ஒரே ஓர் உருவமும் மட்டுமே கொண்டிருப்பது இச்சின்னத்தின் எளிமை. அக்காலத்தில் புதிதாக வழங்கப்பட்ட பல சின்னங்கள் இதனைவிடச் சிக்கலானவை.

உச்சிச் சின்னம்

கேடயத்துக்கு மேல், முறுக்கிய துணி வளையத்தின் மீது, சிறகுகளை விரித்த வெள்ளி வல்லூறு ஒன்று நிற்கிறது. அது கேடயத்தில் உள்ளதைப் போன்ற ஈட்டியொன்றை நிமிர்த்திப் பிடித்துள்ளது. வல்லூறு கொண்டு வேட்டையாடுவது அக்காலத்தில் உயர்குடியினரின் பொழுதுபோக்காக இருந்தது.

பெயரைச் சொல்லும் சின்னம்

ஷேக்ஸ்பியர் என்னும் பெயர் ஆங்கிலத்தில் 'அசைத்தல்', 'ஈட்டி' ஆகிய பொருள் தரும் இரு சொற்களின் சேர்க்கை. பெயரின் இரண்டாம் பகுதியைக் கேடயத்திலுள்ள ஈட்டி நேரடியாகக் காட்டுகிறது. சிறகை விரித்து ஈட்டியை ஏந்தும் வல்லூறு முதற்பகுதியான 'அசைத்தல்' என்பதையும் குறிக்கிறது எனச் சிலர் விளக்குவர்.

இவ்வாறு உரியவரின் பெயரைப் படத்தால் சொல்லும் சின்னங்கள் மரபுச் சின்னவியலில் பரவலாக உள்ளன. எசுப்பானியாவின் காஸ்டில் அரசு கோட்டையையும், லியோன் அரசு சிங்கத்தையும் சின்னமாகக் கொண்டிருந்தன. அந்நாட்டு மொழியில் அவ்வரசுகளின் பெயர்களும் அப்பொருள்களின் பெயர்களும் ஒத்தவை. பிரித்தானிய அரசி இரண்டாம் எலிசபெத்தின் தாயாரது குடும்பமான போவ்ஸ்-லியோனின் சின்னத்தில் விற்களும் சிங்கங்களும் உள்ளன. ஸ்ட்ராட்ஃபோர்டுக்கு அருகிலுள்ள சார்ல்கோட் என்னும் ஊரைச் சேர்ந்த லூசி குடும்பத்தினர், ஆங்கிலத்தில் 'லூஸ்' என அழைக்கப்படும் நன்னீர் மீனைத் தம் சின்னமாகக் கொண்டிருந்தனர். எனவே இத்தகைய சின்னத்துக்கு முன்மாதிரி ஷேக்ஸ்பியர் குடும்பத்தின் அண்டையிலேயே இருந்தது.

குறிக்கோளுரை

வரைவு ஆவணத்தின் மேற்பகுதியில் குறிக்கோளுரை மூன்று முறை எழுதப்பட்டுள்ளது. முதல் இரு முறையும் 'நோன்' என்பதை அடுத்து ஒரு காற்புள்ளி இடப்பட்டிருந்தது. அவ்வாறு வாசித்தால் 'இல்லை, உரிமையில்லை' என எதிர்மறையான பொருள் கிடைக்கும். அவ்விரண்டும் அடிக்கப்பட்டு, மூன்றாம் முறை காற்புள்ளியின்றிப் பெரிய எழுத்துகளில் எழுதப்பட்டது. எழுத்தர் அறியாமல் செய்த பிழை இது என்பது ஒரு கருத்து. விண்ணப்பத்தைப் பற்றிய குறும்பான குறிப்பு என்பது மற்றொரு கருத்து.

ஷேக்ஸ்பியர் இக்குறிக்கோளுரையைப் பயன்படுத்தியதற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. அவருடைய நினைவுச் சின்னத்திலும் இது பொறிக்கப்படவில்லை.

வரலாறு

ஜான் ஷேக்ஸ்பியரும் முதல் முயற்சியும்

ஜான் ஷேக்ஸ்பியர், ஸ்நிட்டர்ஃபீல்டு என்னும் சிற்றூரில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர்செய்த ரிச்சர்டு ஷேக்ஸ்பியரின் மகன். ஸ்ட்ராட்ஃபோர்டு நகருக்குக் குடிபெயர்ந்து, தோலைப் பதப்படுத்திக் கையுறை செய்யும் தொழிலை மேற்கொண்டார். ரிச்சர்டுக்கு நிலத்தைக் குத்தகைக்கு அளித்திருந்த ராபர்ட் ஆர்டனின் மகளான மேரியை மணந்தார். 1556 இல் மதுவின் தரத்தைச் சோதிக்கும் அலுவலராகத் தொடங்கி, நகராட்சியில் படிப்படியாக உயர்ந்து, 1568 இல் பெய்லிஃப் எனப்படும் நகரத்தலைவர் பதவியை அடைந்தார். இப்பதவியில் இருப்பவர் நீதிபதியாகவும் செயற்பட்டார். ஆகவே மரபுச் சின்னம் கோருவதற்கான தகுதி அவருக்குக் கிடைத்தது.

1570களின் நடுப்பகுதியில் அவர் சின்னத்துக்காக முயன்றார். அப்போது கிளாரன்சோ அலுவலராக இருந்த ராபர்ட் குக் என்பவரிடமிருந்து தாளில் வரைந்த மாதிரி ஒன்றை அவர் பெற்றிருந்ததாக 1596 ஆம் ஆண்டு வரைவில் ஒரு குறிப்பு உள்ளது. ஆனால் அம்முயற்சி நிறைவு பெறவில்லை. 1576 ஐ ஒட்டி அவருடைய நிலை சரியத் தொடங்கியது. நகரமன்றக் கூட்டங்களுக்குச் செல்வதை நிறுத்தினார். மனைவி வழியாக வந்த நிலத்தை அடகு வைத்தார். 1586 இல் மன்ற உறுப்பினர் நிலையிலிருந்து நீக்கப்பட்டார். கடனுக்காகப் பிடிக்கப்படலாம் என்னும் அச்சத்தால் தேவாலயத்துக்கு வராதோரின் பட்டியலில் 1592 இல் அவருடைய பெயர் இடம்பெற்றது.

1596 ஆம் ஆண்டு வழங்கல்

இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் விண்ணப்பம் மீண்டும் எழுந்தபோது குடும்பத்தின் நிலை மாறியிருந்தது. மூத்த மகன் வில்லியம், லண்டனில் லார்டு சேம்பர்லெய்ன் நாடகக் குழுவின் பங்குதாரராகவும் எழுத்தாளராகவும் பொருளீட்டி வந்தார். விண்ணப்பம் தந்தையின் பெயரில் இருந்தாலும், அதற்குப் பின்னணியில் இருந்தவர் வில்லியம் என்றே ஆய்வாளர் பெரும்பாலோர் கருதுகின்றனர். தாமே பெறும் சின்னம் தம்மிலிருந்து தொடங்கும்; தந்தை பெறும் சின்னமோ மகனைப் பிறப்பாலேயே கனவானாக்கும்.

கார்ட்டர் வில்லியம் டெத்திக் தயாரித்த இரு வரைவுகள் எஞ்சியுள்ளன. ஜானின் முன்னோர் ஏழாம் ஹென்றி மன்னருக்கு ஆற்றிய சேவைக்காகச் சிறப்பிக்கப்பட்டனர் என்று அவற்றில் கூறப்பட்டுள்ளது. இக்கூற்றை உறுதிப்படுத்தும் வேறு ஆவணம் எதுவும் கிடைக்கவில்லை. ஜான் நீதிபதியாகவும் பெய்லிஃபாகவும் இருந்தவர், 500 பவுண்டு மதிப்புள்ள நிலமும் வீடும் உடையவர், ஆர்டன் குடும்பத்தில் மணம் புரிந்தவர் என்னும் குறிப்புகள் இரண்டாம் வரைவின் அடியில் உள்ளன.

சின்னம் ஜானுக்கும் அவருடைய மக்களுக்கும் வழித்தோன்றல்களுக்கும் வழங்கப்பட்டது. ஆனால் அவ்வாண்டு ஆகஸ்டு 11 ஆம் நாள், அதாவது ஆவணத்தின் நாளுக்குப் பத்து வாரங்களுக்கு முன்னர், வில்லியமின் ஒரே மகன் ஹாம்னெட் பதினொரு வயதில் இறந்து ஸ்ட்ராட்ஃபோர்டில் அடக்கம் செய்யப்பட்டிருந்தான். பாட்டனிடமிருந்து தந்தைக்கும், தந்தையிடமிருந்து தனக்கும் வரவேண்டிய சின்னத்தைப் பெறுவதற்கு அவன் இல்லை. வில்லியமுக்கு அதன் பின்னர் ஆண்மகவு பிறக்கவில்லை.

1599: ஆர்டன் சின்னத்தை இணைக்கும் முயற்சி

மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர், மேரியின் பிறந்தகமான ஆர்டன் குடும்பத்தின் சின்னத்தையும் தம் கேடயத்தில் இணைக்க அனுமதி கோரப்பட்டது. கேடயத்தை நெடுக்காக இரண்டாகப் பகுத்து, ஒரு பாதியில் கணவன் வழிச் சின்னத்தையும் மறுபாதியில் மனைவி வழிச் சின்னத்தையும் வைப்பது வழக்கம். டெத்திக்கும், கிளாரன்சோ அலுவலராயிருந்த வில்லியம் கேம்டனும் இதற்கான வரைவை ஆயத்தப்படுத்தினர். கேம்டன், பிரித்தானியாவின் நிலவியலையும் தொல்பொருளையும் விவரிக்கும் 'பிரிட்டானியா' என்னும் நூலின் ஆசிரியர்.

வாரிக்ஷயரின் பழம்பெரும் குடும்பமான பார்க் ஹால் ஆர்டன்களின் சின்னமே முதலில் வரையப்பட்டது. பின்னர் அது அடிக்கப்பட்டு, செஷயர் பகுதியிலிருந்த ஆர்டன் குடும்பத்தின் சின்னம் அருகில் வரையப்பட்டது. விவசாயியான ராபர்ட் ஆர்டனுக்கும் பார்க் ஹால் குடும்பத்துக்கும் உள்ள உறவை மெய்ப்பிப்பதில் அலுவலர்களுக்கு ஐயம் இருந்ததை இத்திருத்தம் உணர்த்துகிறது. இணைப்புச் சின்னம் நடைமுறைக்கு வரவில்லை. குடும்பத்தினர் பயன்படுத்தியது ஈட்டிச் சின்னத்தை மட்டுமே.

1602 ஆம் ஆண்டு முறைப்பாடு

யார்க் கட்டியக்காரராக இருந்த ரால்ஃப் புரூக், தகுதியற்றோர்க்குச் சின்னம் வழங்கியதாக டெத்திக் மீது குற்றஞ்சாட்டி, 23 சின்னங்களைப் பட்டியலிட்டார். அவற்றுள் ஷேக்ஸ்பியர் சின்னமும் ஒன்று. சின்னத்தின் படத்தின் கீழ் 'நடிகன் ஷேக்ஸ்பியர்' என்று குறிக்கப்பட்டிருந்தது. உரிய புரவலர் இல்லாத நாடக நடிகர்களை நாடோடிகளுக்கு ஒப்பாகக் கருதிய 1572 ஆம் ஆண்டுச் சட்டத்தை நினைவிற்கொண்டால், இக்குறிப்பிலுள்ள இகழ்ச்சி விளங்கும். ஷேக்ஸ்பியரின் குழுவைச் சேர்ந்த அகஸ்டின் பிலிப்ஸ், தாமஸ் போப் ஆகிய நடிகர்களும் தமக்கு உரிமையில்லாத சின்னங்களைப் பயன்படுத்துவதாக வேறொரு சின்ன அலுவலர் குறைகூறினார்.

புரூக்கின் குற்றச்சாட்டு இரண்டு கூறுகளைக் கொண்டது. ஒன்று, பெற்றவர் தாழ்ந்த நிலையினர் என்பது. மற்றொன்று, பொன் கேடயத்தில் கறுப்புச் சாய்பட்டை என்பது மாலி பிரபுக்களின் பழைய சின்னம் என்பது. டெத்திக்கும் கேம்டனும் 1602 மார்ச்சு மாதத்தில் மறுமொழி அளித்தனர். பட்டையின் மேலுள்ள ஈட்டி போதிய வேறுபாடு ஆகும். பட்டையை மட்டும் நோக்கினால் வேறு சில குடும்பங்களின் சின்னங்களும் இவ்வாறே ஒத்திருக்கின்றன என்பது அவர்களின் வாதம். ஜான் ஸ்ட்ராட்ஃபோர்டில் நீதிபதிப் பதவி வகித்தவர், ஆர்டன் குடும்பத்து மகளை மணந்தவர், வசதியுடையவர் என்பதையும் அவர்கள் சுட்டிக்காட்டினர். சின்னம் திரும்பப் பெறப்படவில்லை. ஜான் 1601 செப்டெம்பரிலேயே இறந்துவிட்டதால், முறைப்பாட்டின் போது சின்னத்துக்கு உரியவராக இருந்தவர் வில்லியமே.

புரூக்கின் பகைமை இத்துடன் ஓயவில்லை. 1616 இல், டெத்திக்குக்குப் பின் கார்ட்டராக வந்த வில்லியம் சீகர் என்பவரை ஏமாற்றி, லண்டன் நகரத் தூக்கிலிடுபவரான கிரெகரி பிராண்டனுக்கு அரச குடும்பச் சின்னமொன்றை வழங்கும்படி செய்தார். உண்மை வெளிப்பட்டபோது முதலாம் ஜேம்ஸ் மன்னர் புரூக், சீகர் இருவரையுமே சிறையில் அடைத்தார்.

பயன்பாடு

மரபுச் சின்னத்தின் மூலம் குடும்பத்துக்குக் கிடைத்தது நிலமோ பணமோ அன்று. 'கனவான்' என்று ஆவணங்களில் எழுதிக்கொள்ளும் உரிமையே அதன் பயன். 1597 இல் ஸ்ட்ராட்ஃபோர்டின் பெரிய வீடுகளுள் ஒன்றான நியூ பிளேசை வில்லியம் வாங்கினார். 1602 இல் நிலம் வாங்கிய ஆவணத்தில் அவர் கனவான் எனக் குறிப்பிடப்படுகிறார். 1616 ஏப்ரல் 25 ஆம் நாள் அடக்கப் பதிவேட்டிலும் அவருடைய பெயருக்குப் பின் இப்பட்டம் உள்ளது. கனவான்களின் அடையாளமான வாளை அவர் தம் விருப்ப ஆவணத்தில் தாமஸ் கூம் என்பவருக்கு விட்டுச்சென்றார்.

ஸ்ட்ராட்ஃபோர்டின் தூய திரித்துவத் தேவாலயத்திலுள்ள ஷேக்ஸ்பியரின் நினைவுச் சின்னத்தின் மேற்பகுதியில் கேடயமும் உச்சிச் சின்னமும் செதுக்கப்பட்டுள்ளன. அதே தேவாலயத்தில் மருமகன் ஜான் ஹாலின் கல்லறைக் கல்லில், ஹால் குடும்பச் சின்னம் ஒரு பாதியிலும் ஷேக்ஸ்பியர் சின்னம் மறுபாதியிலும் உள்ளன. பேத்தி எலிசபெத்தின் முதற் கணவரான தாமஸ் நாஷின் கல்லறையில் மனைவி வழிப் பகுதி நான்காகப் பகுக்கப்பட்டு, ஹால் சின்னமும் ஷேக்ஸ்பியர் சின்னமும் மாறிமாறி வைக்கப்பட்டுள்ளன. ஆண் வாரிசு இல்லாத குடும்பத்தின் சின்னம் மகள் வழியாக மற்றொரு குடும்பத்தின் சின்னத்துள் எவ்வாறு புகுகிறது என்பதை இவ்விரு கற்களும் காட்டுகின்றன.

நாடகங்களில் மரபுச் சின்னம்

ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் மரபுச் சின்னவியல் சார்ந்த குறிப்புகள் பல உள்ளன. 'இரண்டாம் ரிச்சர்டு' நாடகத்தில், தன் வீட்டுச் சாளரங்களிலிருந்த குடும்பச் சின்னத்தை எதிரிகள் பெயர்த்துவிட்டதைப் போலிங்புரூக் தனக்கு இழைக்கப்பட்ட பெருந்தீங்குகளுள் ஒன்றாகக் கூறுகிறான். 'விண்ட்சரின் குறும்புக்காரப் பெண்கள்' நாடகத்தின் முதற்காட்சியில், லூஸ் மீன் கொண்ட சின்னத்தைப் பற்றிப் பெருமை பேசுபவர் நகைப்புக்கு உள்ளாகிறார். 'ஹாம்லெட்' நாடகத்தில் கல்லறை தோண்டுபவன், ஆதாமே முதல் கனவான் என்று வாதிடுகிறான். ஆங்கிலத்தில் கைகளுக்கும் மரபுச் சின்னத்துக்கும் ஒரே சொல் வழங்குவதே அவ்வாதத்தின் அடிப்படை.

பென் ஜான்சன் எழுதி, 1599 இல் ஷேக்ஸ்பியரின் குழுவினரே நடித்த நாடகமொன்றில், முப்பது பவுண்டு கொடுத்துச் சின்னம் வாங்கும் நாட்டுப்புறத்தான் ஒருவன் வருகிறான். அவனுக்குக் கடுகுச் சாந்தைக் குறிப்பிடும் குறிக்கோளுரை ஒன்று பரிந்துரைக்கப்படுகிறது. ஷேக்ஸ்பியரின் குறிக்கோளுரையைக் கேலி செய்வது இது எனப் பலர் கருதுகின்றனர். இக்கருத்தை ஏற்காதவர்களும் உளர். ஜான்சன், கேம்டனின் மாணவர் என்பது குறிப்பிடத்தக்கது.

மரபின் முடிவு

ஜானின் புதல்வர்களுள் எட்மண்டு 1607 இலும், கில்பர்ட் 1612 இலும், ரிச்சர்டு 1613 இலும் இறந்தனர். இவர்களுள் எவருக்கும் சின்னத்தைத் தொடரும் ஆண் வாரிசு இல்லை. 1616 இல் வில்லியம் இறந்தபோது ஆண்வழி முடிவுற்றது. மகள் ஜூடித்துக்குப் பிறந்த மூன்று ஆண்மக்களும் தாய்க்கு முன்னரே இறந்தனர். அவர்களுள் மூத்தவனுக்கு ஷேக்ஸ்பியர் என்பதே முதற்பெயராக இடப்பட்டிருந்தது. அவன் குழந்தைப் பருவத்திலேயே 1617 இல் இறந்தான். மற்றொரு மகளான சூசன்னாவின் ஒரே மகள் எலிசபெத் இருமுறை மணம் புரிந்தும் மக்கட்பேறின்றி 1670 இல் காலமானார். அவருடன் கவிஞரின் நேர்வழி முற்றுப்பெற்றது.

கவிஞரின் தங்கை ஜோன், ஹார்ட் என்பவரை மணந்தார். அவருடைய வழித்தோன்றல்கள் பல தலைமுறைகள் தொடர்ந்தனர். எனினும் அவர்களின் குடும்பப்பெயர் ஷேக்ஸ்பியர் அன்று.

குடும்பப்பெயரும் மரபுச் சின்னமும்

ஒரு குடும்பப்பெயருக்கு ஒரு மரபுச் சின்னம் உண்டு என்ற கருத்து பரவலாக உள்ளது. குடும்பப்பெயரைக் கூறினால் அதற்குரிய சின்னத்தைச் சட்டமிட்டுத் தரும் வணிகங்கள் பல நாடுகளில் உள்ளன. இங்கிலாந்தின் சட்டப்படி இத்தகைய சின்னம் எதுவும் இல்லை. சின்னம் ஒருவருக்கு வழங்கப்படுகிறது. அவருடைய முறைப்படியான ஆண்வழி மரபினர்க்கு அது உரியதாகிறது. மகள்கள் தம் வாழ்நாளில் தந்தையின் சின்னத்தைச் சாய்சதுர வடிவில் பயன்படுத்தலாம். உடன்பிறந்த ஆண்கள் இல்லாத மகளின் மக்கள், தந்தை வழியிலும் சின்னம் உடையவராயின், இரண்டையும் இணைத்துப் பயன்படுத்தலாம்.

ஷேக்ஸ்பியர் சின்னத்தைக் கொண்டே இதனை விளக்கலாம். ஜானின் உடன்பிறந்தவரான ஹென்றி ஷேக்ஸ்பியர் ஸ்நிட்டர்ஃபீல்டில் வாழ்ந்தவர். ஒரே தந்தைக்குப் பிறந்து, ஒரே பெயரைத் தாங்கியிருந்தும், 1596 இல் வழங்கப்பட்ட சின்னத்தில் அவருக்குப் பங்கில்லை. அது ஜானுக்கும் அவர் வழியினருக்கும் மட்டுமே அளிக்கப்பட்டது. வாரிக்ஷயரின் வேறு ஊர்களிலும் இப்பெயருடைய குடும்பங்கள் இருந்தன. இன்றும் இப்பெயர் கொண்டோர் ஆங்கிலம் பேசும் நாடுகளில் வாழ்கின்றனர். ஆனால் பெயர் ஒன்றாயிருப்பதால் மட்டும் அவர்கள் ஈட்டிச் சின்னத்துக்கு உரியவராக மாட்டார்கள். மாறாக, பேத்தி எலிசபெத் ஷேக்ஸ்பியர் என்னும் பெயரைத் தாங்கியவர் அல்லர்; இருந்தும் சின்னம் அவர்வழி நாஷின் கல்லறை வரை சென்றது.

எல்லா நாடுகளிலும் இதே முறை பின்பற்றப்படவில்லை. ஸ்காட்லாந்தில் லார்டு லயன் எனப்படும் அலுவலரிடம் இவ்வதிகாரம் உள்ளது. அங்கு குலத்தலைவரின் கேடயச் சின்னம் அவருக்கு மட்டுமே உரியது. குலத்தைச் சேர்ந்த ஏனையோர், வார்ப்பட்டை சூழ்ந்த உச்சிச் சின்னத்தை அடையாளமாக அணியலாம். போலந்திலோ, வெவ்வேறு பெயர்களைக் கொண்ட பல குடும்பங்கள் ஒரே சின்னத்தைப் பகிர்ந்துகொண்டன.

இங்கிலாந்தில் சின்ன உரிமை குறித்த வழக்குகளை விசாரிக்கும் வீரமரபு நீதிமன்றம் 1954 இல் கூடியது. அதற்கு முன்னர் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக அது கூடியிருக்கவில்லை. மான்செஸ்டர் நகராட்சியின் சின்னத்தை அந்நகரத்து அரங்கமொன்று பயன்படுத்தியதே அவ்வழக்குக்குக் காரணம். தீர்ப்பு நகராட்சிக்குச் சாதகமாக அமைந்தது.

ஆவணங்கள்

1596 ஆம் ஆண்டின் இரு வரைவுகளும் 1599 ஆம் ஆண்டின் வரைவும் லண்டனிலுள்ள மரபுச் சின்னக் கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. ஜானிடம் அளிக்கப்பட்ட முடிவான பட்டயம் கிடைக்கவில்லை. வரைவுகளின் இடது மேல் மூலையில் கேடயமும் வல்லூறும் விரைவான கோட்டோவியமாக வரையப்பட்டுள்ளன. புரூக்கின் பட்டியலுடைய பிற்காலப் படி ஒன்று, வாஷிங்டன் நகரிலுள்ள ஃபோல்ஜர் ஷேக்ஸ்பியர் நூலகத்தில் உள்ளது.

அந்நூலகத்தின் கையெழுத்துச் சுவடிக் காப்பாளரான ஹெதர் வுல்ஃப், இச்சின்னத்தைக் காட்டும் பத்துக்கும் மேற்பட்ட பழைய பதிவுகளைத் திரட்டியிருப்பது 2016 இல் வெளிவந்தது. அவற்றுள் சில, சின்னத்தைத் தந்தையுடன் அன்றி, நடிகரான வில்லியமுடன் தொடர்புபடுத்துகின்றன. சின்னத்துக்காக முயன்றவர் மகனே என்னும் கருத்துக்கு இவை வலுச்சேர்க்கின்றன. நாடகங்களை எழுதியவரும் ஸ்ட்ராட்ஃபோர்டில் பிறந்தவரும் ஒருவரே என்பதற்கான சான்றுகளுள் ஒன்றாகவும் இப்பதிவுகள் கொள்ளப்படுகின்றன. தாழ்த்துவதற்காகப் புரூக் எழுதிய 'நடிகன்' என்னும் சொல், அவ்வகையில் ஆய்வாளருக்குப் பயன்படும் குறிப்பாயிற்று.

இவற்றையும் பார்க்க

- வில்லியம் ஷேக்ஸ்பியர்
- ஸ்ட்ராட்ஃபோர்டு அபான் ஏவன்
- மரபுச் சின்னவியல்
- வில்லியம் கேம்டன்
- பென் ஜான்சன்
- குடும்பப்பெயர்